மலையிறங்கும் சைக்கிள்

மலை ஏறுவது எளிதன்று. மலையினின்று இறங்குவதும் எளிதன்று. ஏறுகின்றவனுக்கு மூச்சு வாங்குகிறது. இறங்குகின்றவனுக்கு முழங்கால் நடுங்குகிறது. சைக்கிளோடு இறங்குகின்றவனுக்கோ வேறொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. வண்டி வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதே அது. சிம்லாவிலும் டார்ஜிலிங்கிலும் ஷில்லாங்கிலும் குடியேறி வாழும் நம்மவர் இதனை அறிவர். சமவெளியில் பிறந்து வளர்ந்து, பிழைப்பின் பொருட்டு மலைநகர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தவர், முதன்முறை சரிவில் சைக்கிளை விட்டபோது நெஞ்சு படபடத்ததை எளிதில் மறந்திருக்க மாட்டார்.

இந்தக் கவலையையே விரும்பி மேற்கொள்ளும் விளையாட்டு ஒன்று உலகில் தோன்றி, அரை நூற்றாண்டுக்குள் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை, அடர்ந்த காட்டினூடே, ஒருவர் மட்டுமே செல்லத்தக்க குறுகிய பாதையில், சைக்கிளில் விரைந்து இறங்குவதே அவ்விளையாட்டு. இளைஞர்தம் விளையாட்டுத்தானே, இதற்கு வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். இவ்விளையாட்டின் வரலாற்றில் ஒரு பெரிய வழக்கு அடங்கிக் கிடக்கிறது. மலைப்பாதை யாருக்கு உரியது? முன்னரே அதில் நடந்து பழகியவருக்கா, பின்னர் வந்தவருக்கா, அன்றி மழைக்கும் மண்ணுக்குமா? இவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, அதற்கு எத்தகைய விடை காணப்பட்டது என்பதனை இங்குச் சிறிது காண்போம்.

சைக்கிள் மலைமேற் சென்றது புதிய செய்தியன்று. அது தோன்றிய காலத்தில் தார்ச் சாலைகள் ஏது? கல்லும் சேறும் நிறைந்த வழிகளிலேயே முதற் சைக்கிள்கள் ஓடின. 1897-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் இருபதின்மர், மொன்டானா மாநிலத்தின் மிசௌலாக் கோட்டையிலிருந்து செயின்ட் லூயி நகர் வரை, ஏறக்குறைய 1,900 மைல் தொலைவைச் சைக்கிளில் கடந்தனர். மலைத்தொடர்களையும் பாலைநிலத்தையும் தாண்டிய அப்பயணம் நாற்பது நாட்களுக்கு மேல் நீடித்தது. குதிரைக்கு மாற்றாகச் சைக்கிள் உதவுமா என்று அறியவே மேலதிகாரிகள் அவர்களை அனுப்பினர். அவர்களுக்கு அது கடமையாக இருந்தது. கடமையின்றி, மகிழ்ச்சியொன்றே கருதிக் கரடுமுரடான பாதைகளை நாடியோரும் பின்னர்த் தோன்றினர். இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டு அத்தகையோர் கூடி ஒரு சங்கமே நிறுவினர். பாதை கடினமான இடங்களில் அவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி நடந்தனர். மலையிறக்கத்தை மட்டுமே குறியாகக் கொண்ட விளையாட்டு அன்றும் பிறக்கவில்லை.

அது பிறந்த இடம் கலிபோர்னியாவில் உள்ளது. சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பொற்கதவுப் பாலத்தைக் கடந்தால் மரின் என்னும் மாவட்டம். அங்கே டமல்பாயஸ் என்னும் மலை, 2,500 அடிக்குச் சற்று மேலான உயரத்தோடு, பசிபிக் பெருங்கடலை நோக்கி நிற்கிறது. அப்பெயரின் ஒலியைக் கேட்டவுடன் தமிழர் செவி சற்றே கூர்மையடையும். நம் மொழிக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அம்மண்ணின் தொல்குடிகளான கோஸ்ட் மீவோக் மக்களின் சொல் அது. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மலையில் வாழ்ந்தவர் அவர்கள். ‘மலைப்பாதை யாருக்கு உரியது’ என்று வினவுவோர் முதலில் நினைத்தற்குரியோரும் அவர்களே. ஆயினும் பின்னர் எழுந்த வழக்கில் அவர்கள் பெயர் பேசப்படவே இல்லை எனலாம்.

அந்த மாவட்டத்தின் மலைகளில் கோடையில் காட்டுத்தீ பரவுவது உண்டு. தீயணைப்போர் விரைந்து செல்வதற்காக மலைச்சரிவுகளில் மண்சாலைகள் வெட்டப்பட்டிருந்தன. நம் நாட்டுக் காடுகளிலும் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி வைப்பதனைப் பயணம் செய்வோர் கண்டிருப்பர். 1970-களின் தொடக்கத்தில் மரின் மாவட்டத்து இளைஞர் சிலர், பழைய இரும்புக் கடைகளிலும் வீட்டுக் கொட்டில்களிலும் கிடந்த பழஞ்சைக்கிள்களை வாங்கிச் செப்பனிட்டு, அச்சாலைகளில் இறங்கத் தலைப்பட்டனர். அவை பெரும்பாலும் 1930-களிலும் 1940-களிலும் சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் செய்தவை. அந்நிறுவனம் 1933-ஆம் ஆண்டில் ‘பலூன் டயர்’ எனப்படும் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட தடித்த டயரைச் சிறுவர் சைக்கிள்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. செய்தித்தாள் போடும் சிறுவர் நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினும் உடையாத வண்டி அது. எடையோ சுமார் 50 இராத்தல்! அத்தகைய வண்டியைத் தள்ளிக்கொண்டு மலை ஏறுவது எத்துணைக் கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இறங்கும்போது அதன் பருத்த உடலும் தடித்த டயருமே துணையாயின.

அவ்விளைஞருள் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் ஆகிய மூவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. மூவரும் சாலைச் சைக்கிளில் தேர்ந்தவர்கள். மலையிறக்கம் அவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு பொழுதுபோக்கே. ‘என்னைவிட விரைவாக இறங்குபவர் யார்?’ என்னும் பேச்சு எழாமலிருக்குமா? அதற்கு விடை காணவே 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த ஒரு தீயணைப்புச் சாலையில் முதற் பந்தயம் நடந்தது. ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் சுமார் 1,300 அடி இறங்கும் சாலை அது. இருபுறமும் புதர், நடுவில் மழைநீர் அறுத்த பள்ளங்கள், திருப்பந்தோறும் உருளும் கற்கள். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு இறங்கினர். ஒவ்வொருவர் எடுத்துக்கொண்ட நேரமும் கடிகாரத்தால் அளக்கப்பட்டது. வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். அன்று வண்டியோடு கீழே விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே என்று கூறுவர்.

அச்சாலைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்த கதை சுவையானது. அப்பழைய சைக்கிள்களில் கைப்பிரேக் இல்லை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். அக்குடத்தினுள்ளே உராய்வைத் தாங்குவதற்குக் கிரீஸ் அடைத்திருப்பர். உச்சியிலிருந்து அடிவாரம் வருவதற்குள் குடம் சூடேறி, கிரீஸ் உருகிப் புகையாகிவிடும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருள்படும் சொல்லே சாலைக்குப் பெயராயிற்று.

இதிலுள்ள இயற்பியலைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 50 இராத்தல் வண்டியோடு 1,300 அடி இறங்குகின்றார் எனக் கொண்டால், அவ்வுயரத்தில் சேமித்திருந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறின் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் மண்ணும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதன் பெரும்பங்கு, கைமுட்டி அளவேயான ஓர் இரும்புக் குடத்தினுள், நான்கைந்து நிமிடத்தில் வந்து குவிந்தது! கிரீஸ் புகைந்ததில் வியப்பென்ன? பிரேக் எரிந்த இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வரும் மாறுதல் யாவும் இதனோடு தொடர்புடையன.

பந்தயங்கள் 1979 வரை தொடர்ந்து நடந்தன. பின்னர் 1983-இலும் 1984-இலும் நடந்தன. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியதே அச்சாலையின் மிகக் குறைந்த நேரமாக நின்றது. பெண்களுள் வெண்டி கிராக் 5 நிமிடம் 27 நொடியில் இறங்கினார். அவர் வண்டி ஓட்டியதோடு நில்லாது, நண்பர்களின் ஓட்டங்களையும் ஓய்வையும் இடைவிடாது படம் பிடித்தார். அப்படங்கள் இல்லையாயின், அந்நாட்களின் வரலாறு வெறும் வாய்ப்பேச்சாகவே மறைந்திருக்கும்.

இந்நிலையில் வண்டியும் மாறத் தொடங்கிற்று. பழைய சட்டங்கள் மலையின் அதிர்ச்சியைத் தாங்காமல் ஒடிந்தன. 1974-ஆம் ஆண்டு டிசம்பரில், குப்பர்டினோ என்னும் ஊரிலிருந்து வந்த சிலர், தடித்த டயர்ச் சைக்கிளில் பல கியர்களைப் பொருத்தி ஓட்டியதை மரின் இளைஞர் கண்டனர். கியர் இருந்தால் மலையை மிதித்தே ஏறலாம் என்பது விளங்கிற்று. 1977-இல் ஜோ பிரீஸ் உறுதியான உலோகக் குழாய்களைக்கொண்டு மலைக்கென்றே ஒரு வண்டியைத் தம் கையால் செய்து முடித்தார். அது இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பொருளாக விளங்குகிறது. 1979-இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக்கொண்டு ஃபிஷரும் கெல்லியும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்னும் பெயரில் வாணிகம் தொடங்கினர். 1981-இல் ஜப்பானில் செய்யப்பட்ட ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் வண்டி கடைகளுக்கு வந்தபின், கைவினைஞர் ஒருசிலரின் ஆர்வம் உலகச் சந்தையாயிற்று. 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. மலையிறக்கத்தில் ஆடவருள் கிரெக் ஹெர்போல்டும், மகளிருள் சிண்டி டிவைனும் வென்றனர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பெற்றபோது, மேடுபள்ளம் யாவும் கடந்து ஓடும் நெடும்பந்தயமே ஏற்கப்பட்டது. மலையிறக்கம் வெளியே நின்றது.

வெற்றிக் கதையாகவே இவ்வரலாறு முடிந்திருந்தால் இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. வண்டிகள் பெருகின, வழக்கும் பிறந்தது. டமல்பாயஸ் மலைச்சரிவுகள் மரின் மக்களின் குடிநீருக்கு ஆதாரமானவை. அங்கே நீர்த்தேக்கங்கள் உள்ளன. முன்னரே அப்பாதைகளில் நடைப்பயணிகளும் குதிரையேறிச் செல்வோரும் பல தலைமுறையாக உலவினர். அமைதியை நாடி வந்த முதியவர் ஒருவர், திருப்பம் ஒன்றில் திடீரெனப் பாய்ந்து வரும் சைக்கிளைக் கண்டு பதறி ஒதுங்க நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? குதிரை மிரண்டால் அதன்மேல் அமர்ந்தவர் கதி என்ன? மேலும், பிரேக்கை இறுகப் பிடித்து வழுக்கிச் செல்லும் சக்கரம் மண்ணில் ஒரு கோடு கிழிக்கிறது. அடுத்த மழையில் நீர் அக்கோட்டைப் பற்றிக்கொள்கிறது. கோடு வாய்க்காலாகிறது, வாய்க்கால் பள்ளமாகிறது, சரிவின் மேல்மண் ஓடைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆதலால் 1980-களில் அம்மலையின் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற தீயணைப்புச் சாலைகளில் மட்டும், மணிக்கு 15 மைலுக்கு மேற்படாமல், குருட்டு வளைவுகளில் 5 மைலுக்கு மேற்படாமல் செல்லவேண்டுமென்று விதி வந்தது. நாடு முழுவதற்குமான விதியும் கடுமையாயிற்று. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், காக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் இயந்திரப் போக்குவரத்தை விலக்கியிருந்தது. அவ்விலக்கு சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதனை அமெரிக்க வனத்துறை 1984-இல் ஐயத்துக்கிடமின்றி விதியாக்கியது. எந்த மலையில் அவ்விளையாட்டு பிறந்ததோ, அந்த மலையின் குறுகிய பாதைகளே அதற்கு அடைக்கப்பட்டன. தாய்வீட்டுக் கதவே தாழிடப்பட்ட நிலை அது.

இந்நிலையில் சைக்கிள் ஓட்டுவோர் முன் இரண்டு வழிகள் இருந்தன. விதியை மீறி இரவிலும் மறைவிலும் ஓட்டுவது ஒன்று. சிலர் அவ்வழியையும் மேற்கொண்டனர். முன்னர் இருந்தோரின் குறையைச் செவிமடுத்து, தம்மால் நேர்ந்த கேட்டைத் தாமே சீர்செய்ய முன்வருவது மற்றொன்று. 1988-இல் கலிபோர்னியாவின் ஐந்து சங்கங்கள் ஒன்றுகூடி, பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் என்னும் பொருள்பட ஓர் அமைப்பை நிறுவின. நடப்போருக்கு வழிவிடுதல், சேறான பாதையில் ஓட்டாதிருத்தல், தடம் விடாது செல்லுதல் ஆகிய ஒழுங்குகளை அவை பரப்பின. சைக்கிள்காரர் மண்வெட்டி எடுத்தனர். தீயணைப்போர் பயன்படுத்தும் புலாஸ்கி என்னும் கருவி, ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்கொத்தும் உடையது. அதுவே பாதை செப்பனிடுவோர் கைக்கருவியுமாயிற்று. தீயணைக்க வெட்டிய சாலையில் பிறந்த விளையாட்டுக்குத் தீயணைக்கும் கருவியே துணைவந்தது பொருத்தமேயன்றோ?

மண்வெட்டி எடுத்தபின்னரே மலையைப் பற்றிய உண்மையான அறிவு அவர்களுக்கு வாய்த்தது. பாதையின் முதற்பகைவன் சக்கரமன்று, நீர்தான் என்று அவர்கள் கண்டனர். செங்குத்தாக நேர்கீழே இறங்கும் பாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். மலைச்சரிவுக்குக் குறுக்கே, படிபோல வெட்டி, மெல்லச் சாய்ந்து செல்லும் பாதையே நிலைக்கும். அதன் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது; பாதை முழுவதற்கும் சராசரியாக நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், விழுந்த நீர் பாதையில் ஓடாமல் குறுக்கே கடந்துவிடும். இடையிடையே சிறிய எதிரேற்றங்கள் அமைத்தால், எஞ்சிய நீரும் அங்கே தங்கிச் சரிவில் வழிந்துவிடும். இவை யாவும் நம் உழவர் வரப்புக் கட்டும்போது கடைப்பிடிக்கும் அறிவுக்கு அயலானவை அல்ல.

இவ்வறிவு பல நாடுகளில் பலவாறு வளர்ந்தது. வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் கோய்ட் அ ப்ரெனின் என்னும் காடு உள்ளது. ‘அரசன் காடு’ என்பது அதன் பொருள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935-இல் அப்பெயர் அமைந்தது. அங்கே 1990-களில் டாஃபிட் டேவிஸ் என்பவர், மலைச் சைக்கிளுக்கென்றே பாதைகள் வகுத்தார். மழை மிகுந்த அந்நாட்டில் வெறும் மண்பாதை நிலைக்காது. ஆதலின் கல் பாவி உறுதிசெய்த பாதைகள் எழுந்தன. பிரிட்டனில் சைக்கிளுக்கெனத் திட்டமிட்டு எழுந்த காட்டுப்பாதை நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. கனடாவில் வான்கூவர் நகரின் வடகரையிலோ, ஈரக்காட்டில் வீழ்ந்து கிடந்த மரங்களைப் பிளந்து, ஏணிபோன்ற மரப்பாலங்கள் கட்டினர். சேற்றுநிலத்தை மிதியாமல் அதன்மேலேயே சென்றனர்.

கனடாவின் விஸ்லர் மலைநகரில் மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. பனிச்சறுக்கு ஆடுவோரை உச்சிக்கு ஏற்றும் கம்பித் தொங்குநாற்காலிகள் கோடையில் வேலையற்றுக் கிடந்தன. 1999-இல் அங்கே மலைச் சைக்கிள் பூங்கா தொடங்கப்பட்டபின், அவை சைக்கிளையும் ஆளையும் உச்சிக்குச் சுமந்தன. அங்கு இயந்திரங்களால் மண்ணைத் திரட்டி வடித்த ‘ஏ-லைன்’ என்னும் பாதை, உலகெங்கும் பின்பற்றப்படும் மாதிரியாயிற்று. வண்டியும் உடன் வளர்ந்தது. 1989-இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன்கவைகள் இரண்டு அங்குல அளவே அமுங்கின. இன்றைய மலையிறக்க வண்டிகளிலோ முன்னும் பின்னும் ஏறக்குறைய எட்டங்குலம் அமுங்கி எழும் அதிர்வுதாங்கிகள் உள்ளன. புகைந்த குடத்துக்கு மாறாக, இரு சக்கரத்திலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டுப் பிரேக்குகள் உள்ளன.

இம்முயற்சிகளிலிருந்து தோன்றியதே ‘ஃப்ளோ டிரெயில்’ என்பது. நீரோட்டப் பாதை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்வோம். ஹான்ஸ் ரே என்னும் சைக்கிள் வீரரும், டிடி ஷ்னைடர் என்னும் பாதை அமைப்பாளரும் இக்கருத்தைப் பரப்பியோருள் குறிப்பிடத்தக்கவர். மிகுதியாக மிதிக்கவும் வேண்டாம், மிகுதியாகப் பிரேக் பிடிக்கவும் வேண்டாம். செங்குத்தும் வேண்டாம், பேராபத்தும் வேண்டாம். புதியவரும் தேர்ந்தவரும் ஒரே பாதையில் மகிழவேண்டும். இதுவே அதன் இலக்கணம்.

அத்தகைய பாதை ஒன்றில் நாம் இறங்குவதாகக் கொள்வோம். இருக்கை தாழ்ந்திருக்கிறது, நாம் அதில் அமரவில்லை. இரு பெடல்களையும் சமமாக வைத்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் தளர மடித்திருக்கிறோம். கண் முன்சக்கரத்தை நோக்காமல் வெகுதூரம் முன்னே செல்கிறது. பைன் மரங்களின் அடியில் பாதை இடப்புறம் வளைகிறது. வளைவின் வெளிப்புறத்தில் மண்கரை ஒன்று, கிண்ணத்தின் உட்புறம்போலச் சாய்ந்து நிற்கிறது. நாம் வண்டியைச் சாய்க்க, அக்கரை நம்மை ஏந்தித் திருப்பிவிடுகிறது. அடுத்து அலைபோன்ற மேடுகள் வருகின்றன. ஏறும் முகத்தில் உடலைத் தளர்த்தி, இறங்கும் முகத்தில் வண்டியை அழுத்தினால், ஒருமுறையும் மிதியாமலே வேகம் கூடுகிறது. வேகம் அளவு கடக்குமோ என்று அஞ்சும் இடத்தில், பாதையே சிறிது ஏறி நம்மைத் தணிக்கிறது. மீண்டும் வளைவு, மீண்டும் அலை. அடிவாரம் வந்தபின் பிரேக் குடத்தில் கிரீஸ் அடைக்க வேண்டிய வேலை இல்லை.

ரீபேக் சாலையில் பிரேக் எரிந்தது ஏன்? அச்சாலை சைக்கிளுக்காக வெட்டப்பட்டதன்று. மலையின் சரிவு முழுவதையும் ஓட்டியவர் தம் பிரேக்கினாலேயே எதிர்க்க வேண்டியிருந்தது. நீரோட்டப் பாதையில் அப்பொறுப்பின் பெரும்பகுதியைப் பாதையே ஏற்கிறது. பிரேக் குறையும்போது சக்கரம் வழுக்குவதும் குறைகிறது. வழுக்கல் குறைந்தால் மண் அறுவதும் குறைகிறது. ஓட்டுவோனின் மகிழ்ச்சியும் மலையின் நலமும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. நீர்போல ஓடவேண்டிய பாதையில் நீர் ஓடலாகாது என்பதே இக்கலையின் நுட்பம். சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைவதால், நடப்போரும் தம் பாதையில் அச்சமின்றி நடக்கின்றனர்.

இதற்கும் மறுப்புரைப்போர் உண்டு. இயந்திரத்தால் வடித்த இப்பாதைகள் எந்நாட்டிலும் ஒரே முகமாக இருக்கின்றன என்றும், வேரும் கல்லும் வழுவழுப்பாக்கப்பட்டு மலையின் இயல்பே மறைகிறது என்றும் பழையவர் குறைகூறுகின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. எவ்வளவு திறம்பட அமைத்த பாதையும், அமைக்கத் தகாத காட்டில் அமைந்தால் தவறே. விலங்குகள் குட்டி போடும் இடத்திலும், அரிய செடிகள் வளரும் சரிவிலும் மனிதன் மகிழ்ச்சிக்கு முதலிடம் இல்லை. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைதல் ஆகாது. மலைமாநிலங்களில் வாழும் நம் இளைஞர் சைக்கிளோடு காட்டுவழி செல்ல விரும்பின், முதலில் வனத்துறையினரைக் கேட்டறிதலும், அவ்வழியே விறகும் புல்லும் சுமந்து வரும் மலைமக்களுக்கு வழிவிட்டு நிற்றலும் கடமையாகும். அப்பாதையைத் தம் காலால் உண்டாக்கியவர் அம்மலைமக்களே.

மரின் மலையில் எழுந்த வழக்கு இன்றும் முற்றிலும் தீர்ந்ததாகக் கூறுவதற்கில்லை. நடப்போருக்கும் ஓட்டுவோருக்கும் இடையே பேச்சு அங்கே தலைமுறை கடந்து நீடிக்கிறது. ஆயினும் ரீபேக் சாலை தொடங்கிவைத்த கதையிலிருந்து ஒன்றை நாம் தெளியலாம். பிறர் முன்னரே வாழ்ந்து பழகிய இடத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்தோர், ‘எமக்கும் உரிமை உண்டு’ என்று உரக்கக் கூறியபோது கதவுகள் அடைபட்டன. மழைநாளுக்கு மறுநாள் மண்வெட்டியோடு வந்து, தாம் அறுத்த பள்ளத்தைத் தாமே மூடியபோது, சில கதவுகளேனும் திறந்தன. எல்லாக் கதவும் திறக்கவில்லை. உழைத்தவர் அனைவருக்கும் நீதி கிடைத்தது என்றும் கூற இயலாது. ஆனால் திறந்தவற்றுள் பல, உழைப்பைக் கண்டே திறந்தன.

சொந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் குடியிருக்கும் நமக்கு இது புதிய பாடமன்று. தெருக் குழாயடியிலும், கோயில் திருப்பணியிலும், அண்டைவீட்டார் துன்பத்திலும் நாம் நீட்டிய கைகளே நமக்கு அவ்வூரில் இடம் தேடித் தந்தன. அடுத்த முறை மலைச்சரிவில் ஓர் இளைஞன் சைக்கிளில் விரைந்து இறங்கக் கண்டால், அவன் வேகத்தை வியப்பதோடு நில்லாமல், அவன் சக்கரத்தின் கீழுள்ள பாதையையும் சற்றே உற்றுநோக்குவோம். வளைவை ஏந்தி நிற்கும் மண்கரையையும், நீரை ஒதுக்கும் சிறு சாய்வையும் யாரோ ஒருவர் மண்வெட்டி கொண்டு செய்திருக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் அவர் மீண்டும் வருவார்.